கிரயமா, அனுமதியா? – மென்பொருள் உரிமமும் வாங்குவோர் பாதுகாப்பும்

நிலத்தைப் பொறுத்தமட்டில் கிரயம் வேறு, குத்தகை வேறு, ஒற்றி வேறு என்பதை விவசாயி எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து பணத்தையும் கொடுத்துவிட்டால் நிலம் வாங்கியவருடையது. அவர் அதை உழலாம், பிறருக்கு விற்கலாம், தம் மக்களுக்கு எழுதி வைக்கலாம். குத்தகைக்கு எடுத்தவரோ தவணை முடியுமட்டும் பயிரிடலாம். அதற்கு மேல் அவருக்குப் பாத்தியதை இல்லை. இரண்டுக்கும் கொடுக்கும் பணம் வேறு. கிடைக்கும் உரிமையும் வேறு. குத்தகைச் சீட்டை நீட்டிக் கிரய விலையைக் கேட்பவன் ஒருவன் வந்தால், அவனை வாசலிலேயே திருப்பி அனுப்பி விடுவோம்.

ஆயினும் இந்நாளில் ஒரு புதுவகைச் சரக்கின் வியாபாரத்தில் ஏறக்குறைய இதுவே நிகழ்ந்து வருகிறது. கணினியிலும் கைப்பேசியிலும் இயங்கும் மென்பொருள்கள், மின்னூல்கள், இசை, திரைப்படங்கள் முதலியவற்றை விற்போர் “வாங்குக” என்று எழுதிய பொத்தானை அழுத்தச் சொல்லுகிறார்கள். நாமும் அழுத்திப் பணம் செலுத்துகிறோம். ஆனால் சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் நம் கைக்கு வருவது பொருளன்று. அப்பொருளைச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு உபயோகிப்பதற்கான அனுமதியே. இதனை உரிமம் என்றும் லைசென்ஸ் என்றும் வழங்குகிறார்கள். இது கணினி வைத்திருப்போரின் கவலைதானே என்று நம் அங்கத்தினர் ஒதுக்கிவிட இயலாது. மென்பொருள் இன்று டிராக்டரின் என்ஜினுக்குள்ளும் தறியின் ஜக்கார்டுப் பெட்டிக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆகவே இவ்விஷயத்தின் சட்டத்தையும் பொருளாதாரத்தையும் சற்று விரிவாக ஆராய்வது நம் கடமையாகும்.

அட்டையும் கோப்பும்

நெசவாளர் நன்கு அறிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஜக்கார்டுப் பெட்டியில் ஏறும் துளையிட்ட அட்டைகள், எந்த இழை தூக்கப்பட வேண்டும், எந்த இழை தாழ்ந்திருக்க வேண்டும் என்பதைத் தறிக்குச் சொல்லுகின்றன. பிரான்ஸ் தேசத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டையொட்டி அமைத்த இம்முறை, இயந்திரத்துக்கு எழுதப்பட்ட கட்டளை என்ற வகையில் இன்றைய மென்பொருளின் மூதாதை எனத் தகும். அட்டைக் கட்டை விலைக்கு வாங்கிய நெசவாளர் அதற்கு முழுச் சொந்தக்காரர். ஓர் அட்டை கிழிந்தால் வேறு அட்டை குத்திச் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்துத் தறிக்காரருக்கு இரவல் தரலாம். தொழிலை விட்டால் விற்றுவிடலாம். அட்டை குத்திக் கொடுத்தவர் கடையை மூடிச் சென்றாலும் சேலையில் பூ விழுவது நிற்பதில்லை.

அதே டிசைன் இன்று கணினிக் கோப்பாக வருகிறது. அக்கோப்பைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் ஒரு மென்பொருள் தேவை. அம்மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. கணினியில் செருகும் சிறு சாவியாகவோ, இணையத்தின் வழியே கம்பெனி ஆண்டுதோறும் புதுப்பித்துத் தரும் அனுமதியாகவோ அது இருக்கும். புதுப்பிக்கத் தவறினால், அல்லது கம்பெனி அம்மென்பொருளைக் கைவிட்டுவிட்டால், நாமே வரைந்த டிசைன் நம் கணினியிலேயே கிடந்தும் திறக்க முடியாத பெட்டிக்குள் வைத்த நகை போலாகிவிடுகிறது. டிசைன் நம்முடையது, சாவி பிறருடையது.

நூலும் பதிப்புரிமையும்

இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது? இதை அறிய, பிரதி என்பதையும் பதிப்புரிமை என்பதையும் பிரித்துணர வேண்டும். ஒரு புத்தகத்தை வாங்கினால் நமக்குச் சொந்தமாவது அந்த ஒரு பிரதி. அதை மேலும் அச்சிட்டு விற்கும் உரிமை ஆசிரியரிடமோ பதிப்பாளரிடமோ நிற்கிறது. அட்டைக் கட்டும் அப்படியே: கட்டு நம்முடையது என்பதனால், பிறர் உரிமையுள்ள டிசைனைப் பல கட்டுகளாகக் குத்தி விற்கும் அதிகாரம் நமக்கு வந்துவிடாது.

ஆனால் வாங்கிய பிரதியைப் பின்னர் என்ன செய்யலாம் என்பதில் பதிப்பாளர் தலையிடலாமா? இக்கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் 1908-ஆம் ஆண்டில் வந்தது. பாப்ஸ்-மெரில் என்னும் பதிப்பகம் தான் வெளியிட்ட நாவல் ஒன்றில், இதை 1 டாலருக்குக் குறைத்து விற்கும் அனுமதி எந்த வியாபாரிக்கும் இல்லை, குறைத்து விற்பது பதிப்புரிமையை மீறுவதாகும் என்று அச்சிட்டிருந்தது. மேசிஸ் என்னும் பெரிய அங்காடியை நடத்தியவர்கள் அந்நூலை 89 சென்டுக்கு விற்றார்கள். வழக்குத் தொடர்ந்தது. பதிப்பாளர் பிரதியை ஒருமுறை விற்று விலையைப் பெற்றுவிட்டபின், அப்பிரதி மேற்கொண்டு எவ்விலைக்கு விற்கப்பட வேண்டுமெனக் கட்டளையிடும் அதிகாரத்தைப் பதிப்புரிமைச் சட்டம் அவருக்கு அளிக்கவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் விற்பனையோடு அப்பிரதியின் மீது உரிமையாளருக்குள்ள பிடி தளர்ந்துவிடுகிறது என்னும் இத்தத்துவம் 1909-ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்திலும் இடம்பெற்றது. பழைய புத்தகக் கடைகளும் நூலகங்களும் இதன் நிழலிலேயே வாழ்கின்றன.

மின்னணுச் சரக்கு இந்நிழலுக்கு வெளியே நிற்கிறது. காரணம் யாதெனில், காகிதப் புத்தகத்தைக் கைமாற்றினால் பிரதி ஒன்றாகவே இருக்கும். கணினிக் கோப்பை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும்போதோ அங்கே புதிய பிரதி ஒன்று உண்டாகிறது. பிரதி உண்டாக்குவது பதிப்புரிமை உடையவரின் அதிகாரம். ஆகவே அவரது அனுமதி வேண்டும்; அனுமதி தருபவர் நிபந்தனையும் விதிப்பார். விலைக்கு வாங்கிய இசைக் கோப்புகளை மறுவிற்பனை செய்ய உதவிய ரீடிஜி என்னும் நிறுவனம் இக்காரணத்தினாலேயே 2013-ஆம் ஆண்டில் கீழ்க் கோர்ட்டிலும், 2018-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டிலும் தோற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டில், காலவரம்பின்றி ஒரே விலைக்குத் தரப்பட்ட மென்பொருள் உரிமம் விற்பனையே. வாங்கியவர் தம் பிரதியை முடக்கிவிட்டுப் பிறருக்கு அதை விற்கலாம் என்றது. அதே நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டில் மின்னூல்களுக்கு அச்சலுகை இல்லை என்று கூறிவிட்டது. ஆக, சட்டம் இன்னும் ஒரு நிலைக்கு வந்து சேரவில்லை.

விற்காமல் வைத்திருப்பதன் லாபம்

இனிப் பொருளாதாரப் பக்கத்தைப் பார்ப்போம். மென்பொருளின் முதற்பிரதியை ஆக்கப் பெருஞ்செலவு பிடிக்கும். இரண்டாவது பிரதிக்கு ஏறக்குறையச் செலவே இல்லை. கட்டுப்பாடின்றிப் பிரதி எடுக்க விட்டால் ஆக்கியவர் போட்ட முதலை எடுக்க இயலாது. மாணவருக்குக் குறைந்த விலையிலும் பெரிய ஆலைக்கு உயர்ந்த விலையிலும் தருவதற்கும், சில மாத வேலைக்குச் சில மாதச் சந்தா மட்டும் பெறுவதற்கும் உரிம முறை இடம் கொடுக்கிறது. இவை நியாயமான காரணங்களே. உரிமம் என்றாலே மோசடி என்று கருதுவது தவறு.

ஆனால் மற்றொரு காரணமும் உண்டு, அது பழமையானது. நெடுநாள் உழைக்கும் பொருளை விற்கும் ஏகபோக வியாபாரிக்குத் தான் முன்பு விற்ற சரக்கே போட்டியாக வந்து நிற்கும். பழைய இயந்திரம் மலிவாகக் கிடைத்தால் புதியதை எவர் வாங்குவர்? விற்காமல் வாடகைக்கு விடுவது இத்தொல்லையிலிருந்து தப்பும் வழிகளுள் ஒன்று என்பதை ரொனால்டு கோஸ் என்னும் பொருளாதார அறிஞர் 1972-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் விளக்கினார்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. அமெரிக்காவில் காலணி செய்யும் இயந்திரச் சந்தையின் முக்கால் பங்குக்கு மேல் கையில் வைத்திருந்த யுனைடெட் ஷூ மெஷினரி என்னும் கம்பெனி, தன் முக்கியமான இயந்திரங்களை விற்பதே இல்லை. 10 ஆண்டு வாடகைக்கே விட்டு வந்தது. பழுது பார்ப்பதும் வாடகையோடு சேர்ந்தே வந்தமையால், வெளியே தனிப் பழுது பார்ப்போர் என்ற ஒரு வகுப்பே வளரவில்லை. பழைய இயந்திரங்களுக்குச் சந்தையும் உண்டாகவில்லை. 1953-ஆம் ஆண்டில் இதை ஏகபோகக் குற்றமெனக் கண்ட நீதிமன்றம், வாடகைக்கு விடும் இயந்திரங்களை விலைக்கும் தர வேண்டும் என உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கணக்கிடும் இயந்திரங்களை வாடகைக்கே விட்டு வந்த ஐ.பி.எம். கம்பெனியும் 1956-ஆம் ஆண்டின் இசைவுத் தீர்ப்பின்படி அவற்றை விலைக்கும் தர நேர்ந்தது.

அன்று வாடகை வாடகை என்ற பெயரிலாவது வந்தது. இன்று அது விற்பனையின் வேஷத்தில் வருகிறது என்பதே வேற்றுமை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் விளைவு விளங்கும். ஒரு மென்பொருள் ஒரே தடவையில் 60,000 ரூபாய் என்றும், ஆண்டுச் சந்தாவில் 15,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டு வரை இரண்டும் ஒன்றே. அதன்பின் வாங்கியவருக்குச் செலவில்லை. சந்தாக்காரருக்குச் செலவு தொடரும். வாங்கியவர் ஆறாம் ஆண்டில் அதை 20,000 ரூபாய்க்கு விற்க முடிந்தால் அவருக்கு உண்மையில் ஆன செலவு 40,000 ரூபாய்; சந்தாக்காரர் அதற்குள் 90,000 ரூபாய் கட்டியிருப்பார். விற்கவோ மாற்றவோ கூடாது என்ற ஒரு ஷரத்தின் மதிப்பு இங்கே 20,000 ரூபாய். அந்த ஷரத்து எங்கோ பொடி எழுத்தில் கிடப்பதனால் அத்தொகை நம் கையை விட்டுச் சென்றதை நாம் அறிவதே இல்லை.

மறைந்த நூல்கள்

அனுமதி என்பது திரும்பப் பெறத்தக்கது என்பதை உலகுக்கு உணர்த்திய சம்பவம் 2009-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவில் நடந்தது. அமேசான் கம்பெனியின் மின்னூல் கடையில் ஜார்ஜ் ஆர்வெலின் இரு நூல்களை, அந்நாட்டில் உரிமையில்லாத பதிப்பாளர் ஒருவர் விற்பனைக்கு வைத்திருந்தார். தவறு தெரிந்ததும் கம்பெனி, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து அந்நூல்களைத் தொலைவிலிருந்தே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பியது. நூலில் தாம் எழுதி வைத்த குறிப்புகள் பயனற்றுப்போன மாணவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். கம்பெனித் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். காகிதப் புத்தகமாயின், கடைக்காரர் இரவில் வீடு புகுந்து அலமாரியிலிருந்து எடுத்துச் சென்று, மேஜைமேல் பணத்தை வைத்துவிட்டுப் போவதற்கு இது ஒப்பாகும். 2019-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் கம்பெனி தன் மின்னூல் கடையை மூடியபோதும், வாங்கியவர்கள் பணத்தைத் திரும்பப் பெற்றார்கள், நூல்களையோ இழந்தார்கள்.

டிராக்டர் யாருடையது?

புத்தகம் போனால் வேறு புத்தகம் வாங்கலாம். அறுவடைக் காலத்தில் இயந்திரம் நின்றால் என் செய்வது? இக்கேள்வி அமெரிக்க விவசாயிகளை வாட்டிய கேள்வி.

இக்கால டிராக்டரிலும் அறுவடை இயந்திரத்திலும் உணர்கருவிகள் பல உண்டு. அவை தரும் செய்தியைக் கொண்டு உள்ளிருக்கும் சிறு கணினிகள் எரிபொருளையும் விசையையும் ஒழுங்கு செய்கின்றன. ஓர் உணர்கருவி பழுதுற்றால் கணினி என்ஜின் வலுவைக் குறைத்துவிடவோ, நிறுத்திவிடவோ கூடும். பழுது எதுவென்று அறியவும், சில சமயங்களில் மாற்றிய பாகத்தை இயந்திரம் ஏற்கும்படி செய்யவும் தனி மென்பொருள் வேண்டும். அது முகவரிடமே இருக்குமாயின், கையில் திருகு முடுக்கியும் புதிய பாகமும் வைத்திருக்கும் விவசாயி, கதிர் முற்றிய வயலின் நடுவே முகவரின் ஆளுக்காகக் காத்து நிற்க வேண்டியதே. பருவம் அவருக்காகக் காத்து நிற்பதில்லை.

அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, பதிப்புரிமையுள்ள பொருளைக் காக்கும் மின்னணுப் பூட்டை உடைப்பதைத் தடை செய்தது. திரைப்படமும் இசையும் திருடப்படாமல் காப்பதற்காக வந்த சட்டம் டிராக்டரின் மூடியையும் பூட்டிவிட்டது. அதற்கு விதிவிலக்கு வேண்டுமென்று 2015-ஆம் ஆண்டில் கோரிக்கை எழுந்தபோது, ஜான் டீர் கம்பெனி பதிப்புரிமை அலுவலகத்துக்கு எழுதியதன் சாரம் இது: வாகனத்தின் சொந்தக்காரர் மென்பொருளுக்குச் சொந்தக்காரர் அல்லர், வாகனம் உள்ள காலம்வரை அதை இயக்குவதற்கான உரிமம் மறைமுகமாக அவருக்குக் கிடைக்கிறது. இரும்பு விவசாயிக்கு, மூளை கம்பெனிக்கு என்பதே இதன் பொருள்.

கம்பெனிகள் தம் பக்கத்திலும் நியாயம் கூறின. மென்பொருளை மாற்றினால் புகை பற்றிய சட்டங்கள் மீறப்படும், இயந்திரம் ஆபத்தாகும், தொழில் இரகசியம் வெளிப்படும் என்றன. இவ்வாதங்கள் முற்றிலும் புறக்கணிக்கத்தக்கவையல்ல. எனினும் பழுது பார்ப்பது வேறு, மாற்றி அமைப்பது வேறு. அவ்வாண்டிலேயே விவசாய வாகனங்களைச் சொந்தக்காரர் பழுது பார்ப்பதற்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது. 2018-ஆம் ஆண்டில் அவருக்காகப் பிறர் பழுது பார்ப்பதற்கும் அது விரிந்தது. ஆனால் பூட்டை உடைப்பது குற்றமன்று என்று சொன்னால் மட்டும் கையில் சாவி வந்துவிடாது.

2023 ஜனவரியில் அமெரிக்க விவசாயிகள் சம்மேளனமும் ஜான் டீர் கம்பெனியும் உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டன. கருவிகளையும் விவரங்களையும் விவசாயிகளுக்குத் தரக் கம்பெனி இசைந்தது. பழுது பார்க்கும் உரிமைச் சட்டங்களை ஆதரிக்க வேண்டாமென்று தன் மாநிலக் கிளைகளைத் தூண்டுவதற்குச் சம்மேளனம் இசைந்தது. கொடுத்ததையும் கொண்டதையும் நிறுத்துப் பார்த்த பலருக்கு இது போதுமானதாகத் தோன்றவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் கொலராடோ மாநிலம், விவசாய இயந்திரங்களின் பாகங்களையும் மென்பொருளையும் கருவிகளையும் சொந்தக்காரருக்கும் தனிப் பழுது பார்ப்போருக்கும் தரவேண்டுமென்று சட்டம் இயற்றியது. விவசாய இயந்திரங்கள் பற்றி இத்தகைய சட்டம் செய்த முதல் மாநிலம் அதுவே. 2024 ஜனவரி 1 முதல் சட்டம் அமலுக்கு வந்தது. 2025 ஜனவரியில் கூட்டரசின் வர்த்தக ஆணையம் இரு மாநிலங்களுடன் சேர்ந்து அக்கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது. முழு ஆற்றலுள்ள பழுதறி மென்பொருளை முகவருக்கே ஒதுக்கியதனால் விவசாயிகள் கூடுதல் விலை கொடுக்க நேர்ந்தது என்பது குற்றச்சாட்டு. கம்பெனி அதை மறுத்தது. காலணி இயந்திரத்தின் கதை எழுபது ஆண்டுகளுக்குப் பின் வயலுக்கு வந்ததுபோல் இருக்கிறதல்லவா?

சொல் நேர்மையும் சரக்கு நேர்மையும்

இதற்குச் சட்டங்கள் கண்ட பரிகாரங்கள் இரு வகை. முதலாவது, சொல்லில் நேர்மை. கலிபோர்னியா மாநிலத்தில் 2024 செப்டம்பரில் ஒப்பமாகி 2025 ஜனவரி 1 முதல் அமலான சட்டம், மின்னணுச் சரக்கை விற்போர், வாங்குவோருக்குக் கிடைப்பது உரிமமே என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் “வாங்குக” என்ற சொல்லை உபயோகிக்கலாகாது என்கிறது. நிரந்தரமாக இறக்கிக்கொண்டு, விற்றவராலும் பறிக்க இயலாத சரக்குக்கு இத்தடை இல்லை. ஏனெனில் அங்கே சொல்லும் பொருளும் ஒத்திருக்கின்றன.

இரண்டாவது, சரக்கில் நேர்மை. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், விலைக்குத் தரும் மின்னணுச் சரக்கு திருப்தியான தரமும், கருதிய காரியத்துக்கு ஏற்ற தகுதியும், சொன்ன வண்ணமே இருக்கும் உண்மையும் உடையதாக இருக்க வேண்டுமென விதித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2019-ஆம் ஆண்டு ஆணையினால் இத்தகைய விதிகளைச் செய்து, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உரிமம் என்று பெயரிட்டாலும் குறையுள்ள சரக்குக்குப் பொறுப்பு உண்டு என்பதே இவற்றின் கருத்து.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் ஆயத்தமாக விற்கப்படும் மென்பொருள் விற்பனை வரிக்குட்பட்ட சரக்கே என்று உச்ச நீதிமன்றம் 2004-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பதிப்புரிமைச் சட்டம், மென்பொருள் பிரதியை முறையாகப் பெற்றவர், இழப்பினின்று காத்துக்கொள்ளும் பொருட்டுக் காப்புப் பிரதி எடுப்பதை மீறலாகக் கருதுவதில்லை. மின்னணுப் பூட்டைப் பற்றி 2012-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட விதியும், பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் உடைப்பதையே குற்றமாக்குகிறது. இச்சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகச் செய்வதற்கு அதில் விலக்கு இருக்கிறது. இவ்வகையில் நம் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிட இளகியது.

நமக்கு மேலும் துணையாவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வியாபார நோக்கத்துக்காக வாங்குவோரை இச்சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை. ஆனால் சுயதொழிலால் வயிறு வளர்ப்பதற்காகவே வாங்கித் தாமே உபயோகிப்பவர் நுகர்வோரே. முந்தைய சட்டத்தின் கீழும் இவ்விலக்கு இருந்தது. பிழைப்புக்காக லேத் வாங்கித் தாமே ஓட்டுபவரும், ஆட்டோ வாங்கித் தாமே ஓட்டுபவரும் நுகர்வோர் என்றும், துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அத்தகுதி போய்விடாது என்றும் உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டில் விளக்கியிருக்கிறது. தம் வீட்டுத் தறிக்கு டிசைன் மென்பொருள் வாங்கும் நெசவாளரும், தம் நிலத்துக்கு டிராக்டர் வாங்கும் சிறு விவசாயியும் இதை நினைவில் வைப்பது நலம்.

தகுந்த காரணமின்றி ஒரு தரப்பினர் மட்டும் ரத்து செய்ய இடந்தரும் ஷரத்தையும், வாங்குவோருக்குப் பாதகமான நியாயமற்ற நிபந்தனையையும் இச்சட்டம் “நியாயமற்ற ஒப்பந்தம்” என வகுத்திருக்கிறது. இத்தகைய ஒப்பந்தம் பற்றிய முறையீட்டை மாவட்ட ஆணையத்தில் அன்றி, மாநில ஆணையத்திலோ தேசிய ஆணையத்திலோதான் கொடுக்க வேண்டும். சரக்கின் குறைபாடு பற்றியதாயின், தொகை அதன் வரம்புக்கு உட்பட்டிருக்குமானால் மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். முறையீடு இரண்டு ஆண்டுக்குள் கொடுக்கப்பட வேண்டும். ஒரே நலனுடைய பலர் ஆணையத்தின் அனுமதி பெற்று ஒன்றாக முறையிடலாம். முதலில் ஆலோசனை கேட்க 1915 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை நியமித்தபோது, அதன் ஆய்வுக்குக் கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவியும் ஒன்று. அவ்வாண்டு டிசம்பரில் இதற்கென இணையதளமும் திறக்கப்பட்டது. தளம் தகவல் தரும்; ஆனால் அது சட்டமன்று என்பதையும் அறிய வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

சட்டம் பின்னால் வருவது. எச்சரிக்கை முன்னால் செல்வது. சங்கமே வியாபாரத்துக்காக வாங்கும்போது நுகர்வோர் சட்டத்தின் துணை கிடைக்குமென்று நம்பியிருக்க இயலாது. அங்கே ஒப்பந்தமே நம் அரண். ஆகவே மென்பொருளோ, மென்பொருள் அடங்கிய இயந்திரமோ வாங்குமுன் விற்பவரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, விடையை எழுத்தில் பெற வேண்டும்:

1. தரப்படுவது கிரயமா, காலவரம்புள்ள உரிமமா? உரிமமாயின் எத்தனை ஆண்டு? புதுப்பிக்க என்ன தொகை? அதை உயர்த்த வரம்பு உண்டா?

2. இணையத் தொடர்பு இல்லாவிடினும், கம்பெனி மூடப்பட்டாலும் அது இயங்குமா?

3. நாம் ஆக்கிய டிசைன்களையும் கணக்குகளையும் வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவில் வெளியே எடுக்க முடியுமா?

4. பிறருக்கு மாற்றித் தரலாமா? சங்கத்தின் ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்காவது மாற்றலாமா?

5. பழுதறி மென்பொருளும் கையேடும் உள்ளூர் மெக்கானிக்குக் கிடைக்குமா? முகவர் எத்தனை நாளுக்குள் வருவார்? வராவிடில் ஈடு என்ன?

இவற்றுக்குத் தனி நெசவாளர் ஒருவர் விடை கேட்டால் கடைக்காரர் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தச் சொல்லுவார். நூறு தறிகளின் சார்பில் சங்கம் கேட்டால் உட்கார வைத்துப் பேசுவார். பொடி எழுத்து ஒப்பந்தத்தைப் படிப்பதற்கு ஒருவருக்குக் கிடைக்கும் பயன் சிறிது. எனவே தனியாக எவரும் படிப்பதில்லை. சங்கத்தின் சார்பில் ஒருவர் படித்தால் பயன் அனைவருக்கும் ஆகும். கூட்டாக வாங்குவதன் லாபம் விலைக் குறைவில் மட்டும் இல்லை. ஷரத்தைத் திருத்தும் வலிமையிலும் இருக்கிறது. யாரும் உபயோகிக்கவும் திருத்தவும் பகிரவும் இடந்தரும் கட்டற்ற மென்பொருள்களும் உலகில் பல உள்ளன. நம் வேலைக்கு அவை போதுமானவையா என்பதையும் சங்கங்கள் முதலில் ஆராய்ந்து பார்க்கலாம்.

1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக 28 பேர் சேர்ந்து கடை திறந்தபோது, அவர்கள் நாடியது கலப்படமற்ற சரக்கும் குறையாத எடையும். மாவில் கலப்படம் செய்வதைப் போலச் சொல்லிலும் கலப்படம் செய்யலாம். குத்தகையைக் கிரயமென்று சொல்லி விற்பது அத்தகைய கலப்படமே. அதைக் கண்டறியும் தராசு நம் கையில் இருக்கிறது. வாங்குமுன் கேள்வி கேட்பதே அத்தராசு. அடுத்த பொதுக்குழுவில் ஒவ்வொரு சங்கமும் தான் பணம் கட்டி வரும் மென்பொருள்களின் ஜாபிதா ஒன்றைத் தயாரித்து, அவற்றுள் கிரயம் எத்தனை, அனுமதி எத்தனை என்று பிரித்து அங்கத்தினர் முன் வைக்குமாயின், அது நற்பணியின் தொடக்கமாகும்.